மீறக்கூடாதவை

முப்பத்தெட்டுப் பேர், முப்பது நாள், மூன்று ஷிப்ட்.
பெருக்கினால் மூவாயிரத்து நானூற்று இருபது கட்டம்.
ஒவ்வொன்றிலும் ஒன்றோ பூஜ்யமோ:
வருகிறாள், வரவில்லை.
நடுவில் இருப்பது கணக்குக்குத் தெரியாது.

தொரப்பாடி ஆஸ்பத்திரியின் மாடியறை.
ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை.
மே மாதத்து வேலூர்
லேப்டாப்பின் அடிவயிற்றில் கொதிக்கிறது.

விதிகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறது மென்பொருள்.
மீறக்கூடாதவை:
இரவு முடித்தவளுக்கு மறுநாள் காலை ட்யூட்டி கிடையாது,
ஐசியூவில் நான்கு பேருக்குக் குறையக் கூடாது.
மற்றவற்றை மீறலாம், அபராதம் உண்டு.
எவ்வளவென்று நான்தான் சொல்ல வேண்டும்.

பூவிழிக்குக் குடியாத்தம் கடைசி பஸ் ஒன்பது இருபது.
பத்து போட்டேன்.
ஹெப்சிபாவின் புருஷன் மாதத்தில் ஒரு ஞாயிறுதான்
ஓசூரிலிருந்து வருகிறான். எட்டு.
நஸ்ரீனின் மகளைப் பெண் பார்க்கப்
பேரணாம்பட்டிலிருந்து வருகிறார்கள்.
இதற்கு என்ன விலை?
"உங்க இஷ்டம் சார்" என்றார் சூப்பிரண்டெண்ட் மேடம்.
ஒன்பது போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தீர்வு தயார்.
மொத்த அபராதம்: பூஜ்யம்.
இருபது வருஷமாய்க் கோடு போட்ட நோட்டில்
அழித்து அழித்து எழுதிய மேடம்
திரையைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகுதான் முப்பத்தோராவது வரிசை கண்ணில் பட்டது.
அமலோற்பவம்: பதினான்கு இரவு.
அவள் படிவத்தைத் தேடி எடுத்தேன்.
பெயர், கையெழுத்து. மற்றதெல்லாம் வெள்ளை.
கணக்கில் பிழையில்லை.
கேட்காதவளிடம் எடுத்தால்
அபராதம் ஏறாது.

இரவு பதினொன்றுக்கு வார்டுக்குப் போனேன்.
ஜார்க்கண்டிலிருந்து வந்த கிழவரிடம்
அவர் மொழியில் தனக்குத் தெரிந்த நாலு சொல்லைப் பேசியபடி
ட்ரிப்ஸைச் சரி செய்துகொண்டிருந்தாள்.
ஏன் எதுவும் எழுதவில்லை என்றேன்.
"எழுதினா குடுப்பீங்களா?"
குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.
அடுத்த கட்டிலுக்குப் போனவள் திரும்பினாள்:
"உங்க மிஷினுக்கு ராத்திரி பத்து மணியும்
மூணு மணியும் ஒண்ணுதானா?"

ஒன்றுதான்.

அறைக்கு வந்து ஒரு வரி சேர்த்தேன்:
யாருக்கும் ஆறு இரவுக்கு மேல் இல்லை.
தீர்வு இல்லை என்றது.
திங்கட்கிழமை காலை மீட்டிங்குக்கு
சீனியர்கள் எல்லோரும் வேண்டும் என்ற விதியைத் தூக்கினேன்.
யோசித்தது. நான் மேஜை மேலேயே தூங்கிப்போனேன்.
எழுந்தபோது
மொத்த அபராதம்: பதினெட்டு.
பூவிழி ஒரு நாள் பஸ்ஸை விடுவாள்.
ஹெப்சிபாவுக்கு ஞாயிறு போனது.

ஒட்டிய அன்று சாயந்திரமே நோட்டீஸ் போர்டில்
நீல மையில் ஒரு அம்புக்குறி:
ஹெப்சிபாவின் ஞாயிறை நஸ்ரீன் வாங்கிக்கொண்டிருந்தாள்.
என்ன கொடுத்து வாங்கினாளோ,
என் கட்டங்களில் அது இல்லை.

அடுத்த மாதப் படிவங்கள் வந்தன.
அமலோற்பவத்துடையதில் பென்சிலால்,
அழித்துவிடத் தோதாக, ஒரே வரி:
பத்தொன்பதாம் தேதி வேண்டாம்.
காரணம் என்ற கட்டம் காலி.

நானும் கேட்கவில்லை.
எண் எதுவும் போடாமல்
மீறக்கூடாதவற்றில் சேர்த்துவிட்டேன்.