நாப்பியின் ஆள்

ஓவுலுவில் டிசம்பர் மாதப் பகல்
ஒரு கொட்டாவி நீளம்.
மூன்று மணிக்கே ஆற்றங்கரை இருண்டுவிடும்.
அதனால் நாய்களின் கழுத்தில்
விளக்குப் பட்டை கட்டுகிறோம்.
சிவப்பு, என் நாப்பி.
நீலம், எந்நேரமும் ஈரமாய்த் திரியும் ஹால்ட்டி.
பச்சை, தியுக்கு.
தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்
மூன்று வெளிச்சங்கள்
ஒன்றையொன்று மோந்து பார்க்கும்.
மேலே, கம்பளித் தொப்பிக்குள்
நாங்கள் இருப்பது
மூச்சுப் புகையால்தான் தெரியும்.
நாயைக் கண்டால் ஆளைக் காணோம்.

பேருந்து நிறுத்தத்தில்கூட
இரண்டு கஜம் தள்ளித் தள்ளி நிற்கும் ஊர் இது.
நாய்களுக்கு அந்த மரியாதை தெரியாது.
கயிறுகள் பின்னிக்கொண்டன.
சிக்கெடுக்கக் குனிந்தவர்கள்
ஏதாவது பேச வேண்டியதாயிற்று.

முதலில் மலம் பற்றி.
கெட்டியா, இளகலா, எந்தத் தீனிக்கு எப்படி.
பிறகு உண்ணி.
பிறகு, புத்தாண்டு வெடிக்குப் பயந்து
குளியல் தொட்டியில் படுத்துக்கொண்ட கதை.
பிறகு ஒருநாள், யாரும் கேட்காமலே,
ஹால்ட்டியின் ஆள் சொன்னான்:
மனைவி விட்டுப் போனபின்
கட்டிலில் அவள் பக்கத்தை
இது எடுத்துக்கொண்டுவிட்டது.
நாங்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
ஹால்ட்டியைச் சொறிந்துவிட்டோம்,
ஆளுக்கொரு காது.

தியுக்குவின் ஆள்
கெமியில் வளர்ந்தவள்.
இடது முழங்காலில் வலி.
ஈரலை அடுப்பில் உலர்த்திப்
பையில் போட்டு வருவாள்,
கோட்டு முழுக்க அந்த வாடை.
ஆற்றுப் பனி விரிசல் விடும்போது
நடுங்குவது நாயல்ல, அவள்தான்
என்பதும் எனக்குத் தெரியும்.
பெயர் தெரியாது.
முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும்.
இரண்டு வருடம் கழித்துக் கேட்பது
கடன் கேட்பதைவிடக் கூச்சம்.

ஜனவரியில் பச்சை வரவில்லை.
நாலாம் நாள் சளியாயிருக்கும் என்றோம்.
ஆறாம் நாள் கெமிக்குப் போயிருப்பாள் என்றோம்.
ஒன்பதாம் நாள் ஒன்றும் சொல்லாமல்
அவள் வழக்கமாய்த் திரும்பும்
மஞ்சள் குடியிருப்புப் பக்கம் நடந்தோம்.

வாசல் பலகையில்
இருபத்துநான்கு குடும்பப் பெயர்கள்.
ஹால்ட்டியின் ஆள்
கையுறையால் துடைத்துத் துடைத்துப் படித்தான்,
இன்னும் கொஞ்சம் தேய்த்தால்
தியுக்கு என்று தெரியும்போல.

நாப்பி குரைத்தது, ஒரே ஒரு முறை.
மேலே எங்கிருந்தோ பதில் வந்தது.
மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது.
"யாரு, நாப்பியோட ஆளா?"
பதினெட்டு வருடமாய் மார்பில்
பெயர்ப் பட்டை குத்திக்கொண்டு
பேருந்து ஓட்டுகிற நான்
ஆமாம் என்றேன்.

"கால் முறிஞ்சுபோச்சு. சாவி போடறேன், பிடி."
பிடிக்கவில்லை.
வெள்ளைக் காலுறையில் சுற்றிய சாவி
வெள்ளைக் குவியலுக்குள் போயிற்று.
இரண்டு பெரிய மனிதர்கள்
மண்டியிட்டுத் தோண்ட,
இடது பக்கம், உன் இடது இல்லை, என் இடது
என்று அவள் மேலிருந்து கத்த,
ஹால்ட்டி வந்து
அரை நிமிடத்தில் எடுத்துக்கொடுத்தது.
காலுறையிலும் ஈரல் வாடை.

இப்போது காலையில் ஹால்ட்டியின் ஆள்,
மாலையில் நான்.
சிவப்பையும் பச்சையையும்
ஒரே கையில் பிடிக்கப் பழகிவிட்டேன்.
கதவில் எழுதியிருப்பதைப் பார்க்காததுபோல்
கதவைத் திறப்பேன்.

நேற்று உள்ளே தபால் கிடந்தது.
குனிந்து எடுத்தேன்.
உறையில் முழுப் பெயர், அச்சில்.
கண்ணை எடுப்பதற்குள் படித்துவிட்டேன்.
உறையையே கிழித்துப் படித்ததுபோல
காது சூடாகிவிட்டது.
கவிழ்த்துப் பிடித்தபடி நீட்டினேன்.

வேலையிலிருந்து நேரே வந்திருந்தேன்,
கோட்டுப் பொத்தான் போடவில்லை.
அவள் கண் என் மார்பில்
ஒரு கணம் நின்றது.
பிறகு தபாலை வாங்கிக்கொண்டு சொன்னாள்:
"தியுக்குவின் பாதத்தில் உப்பு இருக்கும்,
துடைச்சு விடு,
நாப்பியின் ஆளே."