முள்

கோத்தகிரியில் விழாவின் இரண்டாம் நாள்.
புதுமுக இயக்குநர்கள் வரிசையில்
என் படம் பதினாறாவது,
சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்,
எல்லாரும் எழுந்துபோகும் நேரம்.

எழுந்தார்கள்.
முதலில் நடுவர்கள் மூவர், சால்வையைச் சரிசெய்தபடி.
பிறகு கோவைக் கல்லூரிப் பிள்ளைகள்.
பிறகு எனக்கு முந்தைய படத்தின்
நாற்பது உறவினர்கள்.

கதவைத் திறந்த ரெக்சலின்
அப்படியே திரும்பச் சாத்தினாள்.
"வெளிய மாடு நிக்குது."

மாடென்றால் காட்டுமாடு.
முட்டிவரை வெள்ளைக் காலுறை,
ஒரு டெம்போ அகலம்.
விழா பேனரை மோந்துகொண்டு
வாசலை அடைத்து நின்றது.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள்.
வேறு வழியில்லாமல் என் படம் தொடங்கியது.

கதவிடுக்கில் நுழைந்த மூடுபனி
புரொஜக்டர் ஒளிக்குள் புகுந்து
திரைக்கு முன்னாலேயே ஒரு படம் காட்டியது.
அதற்குப் பின்னால்தான் என்னுடையது:
பதினொரு நிமிடம். ஒரு தராசு.
பச்சைத் தேயிலை மூட்டை ஏறும், முள் நடுங்கும்,
எழுதும் கை மட்டும் தெரியும்.
ஈரத்துக்குக் கழிவு மூன்று கிலோ.
அடுத்த மூட்டை. மழையே இல்லாத நாள்.
ஈரத்துக்குக் கழிவு மூன்று கிலோ.
வசனம் இல்லை. இசைக்குக் காசில்லை.
போன் என் மச்சானுடையது.
எட்டாம் நிமிடத்தில் அவனை யாரோ கூப்பிட
படம் ஒருமுறை துள்ளும்.
அதை எப்படி வெட்டுவதென்று எனக்குத் தெரியாது.

விளக்கு போட்டார்கள்.
"அந்த ஜம்ப் கட் பெரிய துணிச்சல்" என்றார்
சென்னையிலிருந்து வந்த நடுவர்.
தலையாட்டி வைத்தேன்.
"உங்ககிட்ட யாரோட பாதிப்பு?" என்றார் இன்னொருவர்.
"எங்க லைன்ல முப்பத்தெட்டு வீடு சார்,
எல்லாருக்கும் பாதிப்புதான்" என்றேன்.
கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.
மழைக்கோட்டு, நனைந்த ரேஷன் பை,
கட்டைவிரலில் கார்பன் தாளின் நீலம்.
சினிமாவுக்கு வந்தவரல்ல,
மாட்டுக்குப் பயந்து உள்ளே ஏறியவர்.
"படமெல்லாம் சரிதாம்மா.
ஆனா கழிவு மூணு இல்ல, நாலு.
எழுதுறதுதான் மூணு.
முள்ளுலயே ஒண்ணு போயிடும்."

யாரும் கைதட்டவில்லை.
முப்பத்தெட்டு வீட்டுக்கும் தெரியாத ஒரு கிலோ
அவர் வாயிலிருந்து இறங்கி
மண்டபத்தின் நடுவே உட்கார்ந்தது.

பேர் கேட்பதற்குள்
"போயிடுச்சு, போயிடுச்சு" என்று வெளியே சத்தம்.
சாப்பிடப் போனார்கள்.
அவர் சாப்பிடாமலே போனார்.

வேலியோரம் சாணத்தில் இன்னும் ஆவி.
கொம்பு பட்டுக் கிழிந்த பேனரில்
'புதுமுக' மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
அதன் கீழே நின்று போனில் கணக்குப் போட்டேன்:
ஒரு கிலோ, ஒரு நாளைக்கு, ஓர் ஆளுக்கு,
முப்பத்தெட்டு வீடு, பதினான்கு வருஷம்.
பெருக்குவதற்குள்
சார்ஜ் தீர்ந்துவிட்டது.