இருவரில் ஒருவர்

டார்ட்டு நகரத்து டிசம்பர்.
மூன்றரைக்கே விளக்குப் போட்டுவிட்டோம்.
திரையில் நாலாயிரத்துப் பன்னிரண்டு புள்ளிகள்.
ஒவ்வொரு புள்ளியும்
யாரோ சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு
முகத்தைத் திருப்பியபடி கொடுத்த
ஒரு குழாய் இரத்தம்.

ஊர்ப்பெயரை நாங்கள் சொல்லித்தரவில்லை.
ஆனாலும் தெற்கத்தியார் தெற்கே போய் ஒட்டிக்கொண்டார்கள்,
தீவுக்காரர்கள் கடலுக்குள் தள்ளி நின்றார்கள்,
பெய்ப்சி ஏரிக்கரையில் வெங்காயம் போடும்
பழைய விசுவாசத்து ருஷ்யர்கள்
கிழக்கோரத்தில் ஒரு தேன்கூடு.
இடையே சிந்திய கடுகுபோல்
நகரத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

"நிறம் ஐந்தா, ஆறா?" என்றான் யூலோ.
ஐந்தென்றால் தீவுக்குத் தனி நிறம் கிடையாது.
ஆறென்றால் உண்டு.
ஆறைத் தட்டினேன்,
ஒரு மூதாதையர் கூட்டம் பிறந்தது.
அழித்தேன், போய்விட்டது.
எந்தத் தெய்வத்துக்கும்
இவ்வளவு சின்ன விசைப்பலகை வாய்த்திருக்காது.

அடுத்தது உறவுச் சோதனை.
ஒரு வீட்டார் இரண்டு பேர் இருந்தால்
கணக்கு ஒருபக்கம் சாயும்.
சொந்தம் இங்கே ஒரு பிழை.
அக்கா தங்கை, அப்பன் மகன் என்று
எழுபத்திரண்டு ஜோடிகள், எதிர்பார்த்தவை.
எதிர்பாராதது ஒன்று.

1187. ஆண். பிறப்பு 1961, சாரேமா தீவு.
3350. பெண். பிறப்பு 1963, கோல்க்யா, வெங்காயக் கரை.
மரபணுவில் கால் பங்கு பொது.

தாத்தா பேத்தியாக இருக்கலாம் கால் பங்கு,
மாமன் மருமகளாக இருக்கலாம்.
வயது இடம் கொடுக்கவில்லை.
தாய்வழிச் சரடோ வேறு வேறு.
மிஞ்சுவது ஒரே தகப்பன்.
உடன்பிறந்தார் எத்தனை என்ற கட்டத்தில்
இருவரும் போட்டிருந்தது
ஒரே வட்டப் பூஜ்யம்.

அந்தத் தீவு அப்போது எல்லைப் பகுதி.
அனுமதிச்சீட்டு இல்லாமல் கால்வைக்க முடியாது.
அப்படியானால் ராணுவ லாரி ஓட்டியவனா?
மீன் ஆலைக்குக் கொதிகலன் பூட்ட வந்தவனா?
அவனுக்கு ஒரு சாம்பல் கோட்டுக் கொடுத்தேன்,
ஒரு தங்கப் பல் கொடுத்தேன்,
ஏரிக்கரைப் பேருந்தில்
ஜன்னலோர இருக்கையும் கொடுத்தேன்.
பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டேன்.
நதிமூலம் பார்க்காதே என்பார்கள்.
சம்பளமே அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்கு.
வாய்திறக்காமல் இருப்பதற்கும் சேர்த்து.

விதி எளியது:
ஜோடியில் ஒருவரை நீக்குக.
தரவில் ஓட்டை அதிகம் உள்ளவர் போகட்டும்.
அவனுக்கு நூற்றில் 0.8.
அவளுக்கு 1.1.
அன்றைக்குக் குழாயைக் கொஞ்சம் அதிகம் குலுக்கியிருப்பார்கள்,
அல்லது வேன் வழியில் நின்றிருக்கும், வெயிலில்.

3350 என்று எழுதி
விசையை அழுத்தினேன்.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது.
படம் மாறவில்லை.
தேன்கூட்டில் ஓர் ஈ குறைந்தது
தேன்கூட்டுக்கே தெரியாது.
"சுத்தம்" என்றான் யூலோ,
காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தபடி.

கட்டுரை வெளிவந்தது.
பின்னிணைப்பின் நாலாம் அட்டவணையில் ஒரு வரி:
உறவின் பொருட்டு நீக்கப்பட்டோர், 73.

செப்டம்பரில் வெங்காயச் சாலை வழியே வண்டி ஓட்டினேன்.
வேலை ஒன்றும் இல்லை.
வாசலுக்கு வாசல் சடைசடையாய்
தாமிர நிறத்தில் தொங்குகின்றன.
அறுபதை ஒட்டிய பெண்கள், முக்காலியில்,
தலையில் துணி கட்டிக்கொண்டு.
1963-ல் பிறந்தவர் யார் என்று கேட்கக் கூடாது.
கேட்கவில்லை.
மூன்று பேரிடம் வாங்கினேன்.
ஒருத்தி எஸ்தோனிய மொழியில் விலை சொல்லி
ருஷ்ய மொழியில் சில்லறை எண்ணினாள்.
வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்,
சடையின் நீளம் பார்க்க.
ஏனோ ஐந்து என்றேன்.

சமையலறையில் ஆணியில்லாத சுவர் இல்லை இப்போது.
தினமும் வெங்காயச் சூப்.
தீவுக்குப் படகேறும் அளவுக்கு
இன்னும் முற்றவில்லை.