குழாயைப் பார்த்திருப்பவன்

காற்றென்று துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
ஒரு கையெழுத்துக்காகக் காஸ்த்ரோவுக்குப் படகேறிய நோல்ஃபா
மூன்று மணி நேரத்தில் வருகிறேன் என்றவள்
ஏழு மணி நேரம் கழித்து வந்தாள்.
சட்டையின் முன்பக்க ஈரத்தில் பாதிதான் மழை.

எலிசேயோ அழுது அழுது
அழுகையின் அடிமண்ணைத் தொட்டிருந்தான்.
அவள் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
விறகடுப்பருகே உட்கார்ந்து
மடியில் மல்லாத்தி வாயில் வைத்தாள்.

ஒரு மடக்கு. இரண்டு. நான்கு.
நடுவில் மூச்சுக்கு இடமே இல்லை.
புரையேறியது.

கடலடியில் மட்டி பறிக்கிறவன் நான்.
மேலே படகில் கம்ப்ரசர்,
அதிலிருந்து ஒரு மஞ்சள் குழாய்,
குழாயின் நுனியில் என் வாய்.
உயிர் தருவதே மிஞ்சி வந்தால் என்னாகும் என்று
என் தொண்டைக்குத் தெரியும்.

இருமினான். முகம் செங்கல்.
"இருமட்டும் விடு, இருமுகிறவனுக்கு மூச்சிருக்கிறது" என்றேன்.
நிமிர்த்திப் பிடித்தோம், அவ்வளவுதான்.

பிறகு சத்தம் நின்றது.
வாய் திறந்திருக்கிறது, அழுகை வரவில்லை.
உதட்டில் மட்டி ஓட்டின் உள்பக்க நீலம்.

பிரசவ வகுப்பில் ரப்பர் பொம்மையை வைத்துக் காட்டினார்கள்,
பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தேன்.
சிரித்த கைதான் இப்போது
முன்கையில் அவனைக் குப்புறப் போட்டது,
தொண்டையைத் தொடாமல் தாடையைத் தாங்கி,
தலை தாழ.
தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடியால்
ஒன்று.
நோல்ஃபா நூற்றுமுப்பத்தொன்றை அழுத்துகிறாள்.
இரண்டு. மூன்று.
ஐந்தும் வீணானால் திருப்பிப் போட்டு
நெஞ்செலும்பில் இரு விரலால் ஐந்து அமுக்கு,
மனம் முன்னே ஓடிப் பார்த்துவிட்டு வந்தது.
நான்கு.

என் காலில் வெதுவெதுப்பாகப் பால்.
அப்புறம், தீவையே எழுப்பும் ஓர் அலறல்.

"கேட்கிறது, அந்தச் சத்தம் போதும்" என்றாள் தொலைபேசியில் ஒருத்தி.
"ஆனாலும் நர்ஸை அனுப்புகிறேன், காட்டுங்கள்."

நர்ஸ் மிரேயா மழைக்கோட்டோடு வந்தாள்.
நெஞ்சில் காது வைத்தாற்போல் வெகுநேரம் கேட்டாள்.
பால் கட்டியிருந்தால் முதல் பீச்சலைத் துணியில் விடு என்றாள்,
நீ பின்னால் சாய், பிள்ளை மேலே கிடக்கட்டும்,
பால் மேடேறி வரட்டும் என்றாள்.

"ஏழு மணி நேரமும் இவனையேதான் நினைத்தேன்,
நினைக்க நினைக்கக் கட்டியது" என்றாள் நோல்ஃபா.
யாரும் பதில் சொல்லவில்லை.

இப்போது இருவரும் தூங்குகிறார்கள்.
நான் நாற்காலியில்,
அந்தச் சின்ன நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா.

நான் அடியில் இருக்கும்போது
குழாய் மடங்காமல் மேலே பார்த்திருப்பவன் ஃபெர்மின்.
பதினோரு வருடம்.
கண் எரியுமா என்று
ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை.