மீன் பை அல்ல

கட்டைவிரல் அளவு சீசா.
உள்ளே மருந்துத் தண்ணீரில்
லில்லிபுஷ்பத்தின் ஒரு துண்டு.
"நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் சீக்கிரம் நடக்கும்"
என்றார் மார்த்தாண்டத்து டாக்டர்,
"சாய்க்காதீர்கள், வெயில் படக்கூடாது."
மீன் வாங்கும் பையில் போட மனம் வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமைப் பையிலிருந்து
பைபிளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு
அந்த இடத்தில் இதை நிறுத்தினேன்.

நம்ம பஸ் களியக்காவிளையோடு சரி.
இறங்கி நடக்க வேண்டும்.
போர்டுகளில் எழுத்து மாறுகிற இடத்தில்
போலீஸ்காரர் ஒரு கோழி லாரியைக் கிளறிக்கொண்டிருந்தார்.
என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்?
சார், பதினெட்டு வருஷம் என்னோடு உண்டு உறங்கிய உடம்பில்
ஒரு அரிசிமணி அளவு.
வரி உண்டா?

வீட்டை விட்டதிலிருந்து ஜெபிக்கப் பார்க்கிறேன்.
வரவில்லை.
போதகர்போல் நீளமாகத் தொடங்கினால்
பாதியில் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
உமது சித்தம் என்று வாய் போகும்.
அதன் முதுகுக்குப் பின்னால்
நான் ஒளித்துவைத்திருக்கும் 'ஆனால்'
அவருக்குத் தெரியாதா என்ன.

நான் பால்வெட்டுக்காரன்.
விடியுமுன்னே முந்நூறு ரப்பர்,
நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில்.
கத்தி எவ்வளவு இறங்கலாம் என்பது
எனக்குத் தெரியாது, என் மணிக்கட்டுக்குத் தெரியும்.
ஒரு நூல் கூடினால் மரத்துக்குப் புண்,
ஒரு நூல் குறைந்தால் சிரட்டை காலி.
லில்லியை வெட்டிய கை எப்படியோ.
கர்த்தாவே,
அது நல்ல வெட்டுக்காரன் கையாக இருந்திருக்கட்டும்.
இதெல்லாம் ஜெபத்தில் சேருமா தெரியவில்லை.
சேர்த்துக்கொள்ளும்.

நெய்யாற்றின்கரையில் கூட்டம் நெருக்கியது.
பையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.
ஜன்னலோரம் நீலச் சீருடையில் ஒரு பெண்,
எங்கோ தரை துடைக்கப் போகிறவள்,
விரலில் ஜெபமாலை, உதடு மட்டும் அசைகிறது.
"இவிடெ வெச்சோ" என்று மடியைக் காட்டினாள்.
சாயக்கூடாது என்றேன், தமிழில்.
"ஆசுபத்திரியா?"
தலையாட்டினேன்.
அதற்குமேல் கேட்கவில்லை.
மாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு
இரண்டு கையாலும் பிடித்தாள்,
விளிம்புவரை நிறைந்த செம்பைப் பிடிப்பதுபோல.

பாலராமபுரம் வளைவில் பஸ் சாய்ந்தது.
நான் சாய்ந்தேன்.
கம்பியில் தொங்கியவர்கள் மொத்தமும் சாய்ந்தார்கள்.
பை சாயவில்லை.

எங்களுடையது மாலை உருட்டாத சபை.
எந்த மணியில் அவள் நின்றாளோ, எனக்குத் தெரியாது.
என்னால் அவள் ஜெபம் தடைப்பட்டதே என்று
முதலில் கூசினேன்.
தம்பானூர் வரும்வரை அந்தக் கைகளையே பார்த்திருந்த பிறகு
அப்படித் தோன்றவில்லை.

கம்பி ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை வாங்கியது,
எண் ஒட்டியது, சீட்டு நீட்டியது.
ஒன்பது நாள்.
திரும்பி வரும்போது பை லேசு.
அந்த லேசுதான் பயம்.

வீட்டில் மரச்சீனி தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.
"சாஞ்சிரல்லியே?"
"இல்ல. ஒரு பெண்ணு மடியில வச்சிருந்தா."
"அவளுக்க பேரு என்ன?"
"கேக்கல."
"நல்ல ஆளு. பேரில்லாம நான் எப்பிடி ஜெபிக்க?"
ராத்திரி விளக்கணைத்த பிறகு
அவள் குரல் இருட்டில் கேட்டது:
அந்த நீலச் சட்டைக்காரிக்க கையிக்கு
ஒரு நோவும் வராம காத்துக்கிடும்.
தன்னைப் பற்றி ஏதும் சொல்வாள் என்று காத்திருந்தேன்.
ஆமென் என்றுவிட்டாள்.

நானும் சொன்னேன்,
காலையிலிருந்து சொல்ல வராத அந்த ஒரு சொல்லை.

ஓட்டில் ரெண்டு துளி விழுந்தது.
எழுந்துபோய்ப் பார்த்தேன்.
மழை பிடிக்காவிட்டால்
நாளை வெட்டு உண்டு.
கத்தியைத் தீட்டி வைத்தேன்.