கீழ்த்தட்டுப் போத்தல்

வுப்பெர்டாலின் மேற்கு முனை, ஃபோவிங்கெல்.
கடைக்கு மேலே தொங்கு ரயில் போகும்போதெல்லாம்
கிண்ணத்தில் சல்சா நடுங்கும்,
எலுமிச்சைத் துண்டு தட்டின் ஓரம்வரை வந்து
யோசித்து நிற்கும்.

ஆறு மேசை.
ஒன்றுக்குக் கால் சரியில்லை;
பியர் மட்டையை நாலாய் மடித்துச் செருகியிருக்கிறார்கள்.
அதுதான் என்னுடையது.

கரும்பலகையில் டாக்கோ நாலு இருபது.
அழித்த மூன்று ஐம்பது
இன்னும் பின்னால் மங்கலாய்த் தெரிகிறது.
அதைக் காட்டிச் சண்டை பிடிப்பார்
ஓடு பதிக்கும் ஸ்பிக்னியெவ்.
சண்டை முடிந்ததும் ஆறு எடுப்பார்.
மருந்துக்கடை நுர்ஜிஹானுக்குக் கொத்தமல்லி ஆகாது,
சவர்க்காரம் மணக்குதாம்.
ஒவ்வொரு முறையும் நிக்கானோர்
நெஞ்சில் கைவைத்துச் செத்தவீட்டு முகம் காட்டுவார்.
கத்தியும் முள்ளும் கேட்பவர்களுக்கு
மறுக்காமல் கொடுப்பார்,
கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நான் வந்த முதல் நாள்
உறைப்பாய் வேணும் என்றேன்.
சிவப்புப் போத்தல் வந்தது.
இன்னும்.
பச்சை வந்தது.
இன்னும்.
நிக்கானோர் கையைத் துடைத்தார்,
என்னைத் தலையிலிருந்து சப்பாத்துவரை பார்த்தார்,
குனிந்தார்.
கீழ்த்தட்டிலிருந்து ஏறி வந்தது
பேர் ஒட்டாத பழைய ஜாம் போத்தல்.
கறுத்த எண்ணெய். மிதக்கும் விதைகள்.

அன்றோடு குகநேசன் என்ற பெயர் வாசலில் நின்றுவிட்டது.
ஓடர் சீட்டில் அவர் எழுதுவது "அபாஹோ".
கீழே, என்று அர்த்தமாம்.
நான் லிஃப்ட் திருத்துகிறவன்,
நாள் முழுக்கக் கிடங்குக்குள் நிற்கிறவன்,
பேர் பொருந்தத்தான் செய்தது.
நாலு வருடம், வியாழன்தோறும்,
"அபாஹோ!" என்ற கூப்பாட்டுக்கு
இந்த ஊரில் எழும்புகிறவன் நான் ஒருவன்.
பக்கத்து மேசை பார்க்கிறதென்றால்
அரைக் கரண்டி கூடவே போடுவேன்.
மூக்கு வழியும்.
துடைக்கமாட்டேன்.

போன மாசியில் ஒருத்தி வந்தாள், ஃப்ராவ் லீசன்ஃபெல்ட்.
மஞ்சள் கம்பளித் தொப்பி.
பென்சிலால் வரைந்த புருவங்கள்,
ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் ஆச்சரியமாய்.
வேறு இடம் இல்லாமல் என் மேசைக்கு வந்தாள்.
அவரை டாக்கோ ஒன்று.
சிவப்பைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள், இல்லை.
பச்சை. இல்லை.
பிறகு என் போத்தலைக் காட்டினாள்.

"அது வந்து..." என்று தொடங்கினேன்.
உறைப்புக்கு ஜெர்மனில் சொல் இருக்கிறது,
இதற்கு இல்லை.

மூன்று கரண்டி.
மூன்று.

மென்றாள்.
மேலே ரயில் போனது.
மேசை ஆடியது, அவள் ஆடவில்லை.
"ஐந்து மாதமாய் எல்லாமே கடதாசி" என்றாள்,
"கோப்பி, பாண், பல்துலக்கும் பசைகூட.
மருந்து நாக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது."
கன்னத்தில் விரலை வைத்தாள்.
"இதுவும் ருசி இல்லை.
ஆனால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்."

என்ன சொல்வதென்று தெரியாமல்
நானும் மூன்று கரண்டி போட்டேன்.
நாலு வருடக் கௌரவம், வேறென்ன.
காது அடைத்தது.
விக்கல் வந்தது, கண்ணீர் வந்தது,
அடுப்படியில் யாரோ சிரித்ததும் கேட்டது.
அவள் தன் புளித்தண்ணீரை
மெல்ல என் பக்கம் தள்ளினாள்.
ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

அடுத்த வியாழன் "அபாஹோ!" என்று கூப்பிட
இரண்டு பேர் எழும்பினோம்.
நிக்கானோர் சீட்டைத் திருப்பி வாங்கி
பல்லில் பேனை மூடியைக் கடித்துக்கொண்டு
இலக்கம் போட்டார்.
நான் இரண்டு.

போத்தல் நடுவில் இருக்கும்.
ரயில் வரும்போது
யார் கை சும்மா இருக்கிறதோ
அவர் பிடித்துக்கொள்வது.