பெரில்

ஹுவான் ஆற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை.
சால்மன் ஆலையில் இரவு வேலை முடித்து
மீன்செதில் ஒட்டிய பூட்ஸோடு வருகிறேன்.
கூட்டுக்குள் பெரில்,
நேற்று உட்கார்ந்த அதே இடத்தில்.

மாமியார் பெயர் அது.
விவாகரத்து முடிந்த வாரம் வாங்கிய கோழி,
அன்றைக்கு வேடிக்கையாக இருந்தது.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது.
முட்டையிட்டு இரண்டு கோடை ஆகிறது.
சேவல் இங்கே என்றைக்கும் இருந்ததில்லை;
பக்கத்து வீட்டு ஹாலிடேவுக்கு
இலை உதிர்ந்தாலும் தூக்கம் கலையும்.
ஆனாலும் செப்டம்பர் வந்தால் போதும்,
ஆப்பிள் மரம் மொட்டு விடுமுன்
இவள் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறாள்.

இம்முறை அடியில்
ஒரு பீங்கான் கதவுக்குமிழ்.
எங்கிருந்து கிடைத்ததோ.
அலகால் உருட்டி உருட்டித்
திருப்பி வைக்கிறாள்,
எல்லாப் பக்கமும் சமமாகச் சூடேற.
தொட்டுப் பார்த்தேன்.
உண்மையாகவே சூடாக இருந்தது.

தீவனக்கடை டார்சி சொன்னான்:
"வயிற்றைத் தண்ணீரில் முக்கு.
மூன்று நாள் கம்பிக்கூண்டில் போடு,
அடியில் காற்றுப் போகட்டும்.
இல்லையென்றால் சூப்."
எல்லாம் ஒரே குரலில், மூட்டையைத் தைத்தபடியே.

முக்கினேன்.
நெஞ்சில் இறகெல்லாம் அவளே பிடுங்கியிருந்தாள்,
வெறுந்தோல் என் உள்ளங்கையில் கொதித்தது.
ஆலையின் குளிரறையில்
எல்லோரும் நடுங்கும்போது
நான் மட்டும் ஜிப்பை இறக்கிக்கொண்டு நிற்கிறேனே,
அந்தச் சூடு.
ஐம்பத்தொன்று. டாக்டர் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்.

நான்காம் நாள் கூண்டைத் திறந்தேன்.
தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்
நேரே போய் ஏறி உட்கார்ந்தாள்,
குமிழை நான் எடுத்துவிட்டிருந்த
வெறும் வைக்கோல் மேல்.
கிட்டப் போனால் உப்பிக்கொண்டு உறுமல்.
சரி, உட்கார் என்றேன்.
தண்ணீர்க் கிண்ணத்தை அருகில் நகர்த்தினேன்.

எந்த நாளிலிருந்து எண்ணினாளோ,
ஒரு வியாழக்கிழமை தானாகவே எழுந்தாள்.
உதறினாள். மண்ணில் புரண்டாள்.
அடை தெளிந்த கோழி
நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும்,
சிறை விட்டு வந்த மந்திரி மாதிரி.

நவம்பரில் ஒரு முட்டை.
புறா முட்டையளவு, ஓடெல்லாம் சுருக்கம்,
இளங்கோழிகள் இடுகிற பழுப்பு நிறமில்லை.
வாணலியில் உடைத்தேன்.
மஞ்சள் கருவே இல்லை,
வெள்ளை மட்டும், ஒரு கரண்டி.

வெளியே பெரில்
ஊரைக் கூட்டிக் கொக்கரித்துக்கொண்டிருந்தாள்.
ஹாலிடே வீட்டு ஜன்னல்
படாரென்று சாத்திக்கொண்டது.
நான் உப்பு போட்டேன்.